வங்காள வீட்டு மதியச் சாப்பாடு: தாளிப்பிலிருந்து தட்டு வரை

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களை நம்பி நடப்பவை அவை. அங்கே ரசகுல்லாவும் சந்தேஷும் முக்கியமில்லை. சோறு, பருப்பு, ஏதாவது ஒரு வறுவல், ஒரு காய், நீர்க்க ஒரு மீன் குழம்பு, அவ்வளவுதான். வீட்டை விட்டு அத்தனை தூரம் வந்தவர் மத்தியானம் தேடுவது இதைத்தான். இணையத்தில் வங்காளச் சமையல் என்று தேடினால் வருவதோ கல்யாண விருந்தும் இனிப்பும். கொல்கத்தாவிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஒரு சாதாரண வீட்டில் மதியம் என்ன சமைப்பார்களோ, அதை 4 பேருக்கு, தமிழ்நாட்டுக் கடைச் சாமான்களை வைத்துச் சமைக்க இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மசாலாப்பொடி டப்பாவைத் திறந்து கொட்டுகிற சமையல் இல்லை இது. அன்றாட வங்காளச் சமையலில் ஒரு பதார்த்தத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது தாளிப்பு. அவர்கள் ஃபோரோன் என்பார்கள். அதே பருப்பு, அதே மஞ்சள், அதே உப்பு. சீரகம் தாளித்தால் ஒரு ருசி, கருஞ்சீரகம் தாளித்தால் வேறொரு ருசி. எதற்கும் கடுகு, உளுத்தம்பருப்பில் தொடங்கிப் பழகிய கை நம்முடையது. அதை ஒரு மதியம் மட்டும் அடக்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கடையில் வாங்க வேண்டியவை

கடுகெண்ணெய்க்கு மாற்று கிடையாது. நல்லெண்ணெயிலோ கடலெண்ணெயிலோ செய்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வங்காளச் சாப்பாடாக இருக்காது. பாட்டிலில் ‘கச்சி கானி’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். செக்கில் ஆட்டியதுபோல் காரமும் மணமும் அதில்தான் இருக்கும். சென்னையில் சௌகார்பேட்டைக் கடைகளிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கும். அமெரிக்காவில் வாங்கினால் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று லேபிளில் இருக்கும். அதிலுள்ள எரூசிக் அமிலம் காரணமாக அந்நாட்டு விதி அப்படி. வங்காளிகளோ தலைமுறை தலைமுறையாக அதில்தான் சமைக்கிறார்கள்.

அடுத்து பாஞ்ச் ஃபோரோன், ஐந்து விதைகளின் கலவை. சீரகம், சோம்பு, கருஞ்சீரகம், வெந்தயம், அப்புறம் ராந்துனி. இந்த ஐந்தாவது விதை ஓமம்போல் இருக்கும், ஓமம் அல்ல. வாசனை செலரியை நினைவூட்டும். வங்காளத்துக்கு வெளியே கிடைப்பது அரிது, அதனால் மற்ற இடங்களில் அதற்குப் பதில் கடுகு போடுகிறார்கள். நீங்களும் போடலாம். எல்லாம் சம அளவு, வெந்தயம் மட்டும் பாதி. அரைக்கக் கூடாது, முழுசாகவே கலந்து பாட்டிலில் வையுங்கள். 2 மேசைக்கரண்டி அளவு தனியாக எடுத்து, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். சுக்தோ என்ற கசப்புக் காய்க்கூட்டுக்கும் சட்னிக்கும் கடைசியில் தூவ வேண்டும்.

கசகசா 2 மேசைக்கரண்டி போதும். வங்காளத்தின் மேற்கு மாவட்டங்களான பாங்குரா, பீர்பூம், புருலியா பக்கம் இதைக் கிலோக்கணக்கில் தின்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1773 முதல் வங்காளத்து அபினி வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அபினிப்பால் எடுத்தபின் மிஞ்சிய விதைதான் அந்தப் பக்கத்து ஏழைகளின் அடுப்பங்கரைக்கு வந்தது என்பார்கள். இப்போது நிலைமை தலைகீழ். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய 3 மாநிலங்களில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயிரிடலாம். அதிகமாகத் தின்னும் மேற்கு வங்கத்துக்கு அந்த உரிமம் இல்லை. விலை ஏறிக்கொண்டே போகிறது. சிங்கப்பூரிலோ அமீரகத்திலோ இருப்பவர்கள் கசகசாவை மறந்துவிடுங்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். முந்திரி 6 அரைத்துச் சேர்த்தால் சமாளிக்கலாம்.

போரி என்பது பருப்பை அரைத்துக் கிள்ளி வைத்து வெயிலில் காய வைத்த சிறு வடகம். குளிர்காலத்தில் மொட்டை மாடிகளில் காயும். கிடைத்தால் ஒரு பிடி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அரிசிக்கு அலைய வேண்டாம். அங்கேயும் அன்றாடச் சோறு புழுங்கலரிசிதான், பொன்னி புழுங்கல் நன்றாகவே பொருந்தும். சிறுமணியும் வாசனையுமான கோபிந்தபோக் பச்சரிசி பாயசத்துக்கும் கிச்சடிக்கும் உரியது. 2017-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கறிவேப்பிலை, புளி, சாம்பார்ப்பொடி மூன்றையும் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வையுங்கள். இன்று வேலை இல்லை.

முதல் படி: எண்ணெயோடு பழகுவது

கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏறும். பழகாதவர்கள் முதல் நாளே மீனில் இறங்காமல், ஆலு செத்தோ பாத் செய்து பார்ப்பது நல்லது. வங்காள வீடுகளில் நேரமில்லாத நாளில், உடம்பு சரியில்லாத நாளில், ஊரிலிருந்து அலுத்து வந்த இரவில் செய்வது இது. சோறு கொதிக்கும் பானையிலேயே 2 உருளைக்கிழங்கைத் தோலோடு கழுவிப் போட்டுவிட வேண்டும். விருப்பமிருந்தால் முட்டையும். வெந்ததும் கிழங்கை உரித்து, உப்பு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், வெங்காயம், ஒரு டீஸ்பூன் பச்சைக் கடுகெண்ணெய் விட்டுக் கையால் பிசைய வேண்டும். சூடான சோறு, கொஞ்சம் நெய், இந்த உருண்டை. இங்கே எண்ணெயைக் காய்ச்சுவதில்லை, அதனால் அதன் முழுக் குணமும் தெரியும். இது பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றாலும் தளர வேண்டாம், காய்ச்சிய எண்ணெய் இத்தனை முரட்டுத்தனம் காட்டாது.

காய்ச்சும் முறையில் மட்டும் சமரசம் வேண்டாம். சட்டியில் ஊற்றி, மெல்லிய புகை கிளம்பி நிறம் வெளிறும் வரை விட வேண்டும். பிறகு அடுப்பைக் குறைத்து அரை நிமிடம் ஆறவிட்டுத் தாளிக்க வேண்டும். புகையாத எண்ணெயில் தாளித்தால் பச்சை நெடி கடைசி வரை போகாது. புகையும் எண்ணெயிலேயே விதையைப் போட்டாலோ கருகிக் கசக்கும்.

வேலை வரிசை

இரண்டு அடுப்பு இருந்தால் சுமார் இரண்டு மணி நேரம். சட்னியை முதலில் செய்துவிடுங்கள், அது ஆறித்தான் தட்டுக்கு வர வேண்டும். பக்கத்து அடுப்பில் பருப்பு. அப்புறம் சுக்தோ. மீனை அதற்குள் மஞ்சள் உப்பு தடவி வைத்திருக்க வேண்டும். சோறும் மீன் குழம்பும் ஒரே நேரத்தில் முடியட்டும். கத்தரிக்காய் வறுவல் கடைசி, எல்லோரும் உட்காரும்போது சட்டியிலிருந்து நேராக.

சட்னி

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி அல்ல, சாப்பாட்டின் முடிவில் தனியாக வரும் இனிப்பும் புளிப்புமான பதார்த்தம். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஒரு காய்ந்த மிளகாய், அரை டீஸ்பூன் பாஞ்ச் ஃபோரோன். பழுத்த தக்காளி 5 நறுக்கிப் போட்டு, உப்பும் சிட்டிகை மஞ்சளும் சேர்த்து மூடி வையுங்கள். குழைந்ததும் விதை நீக்கிய பேரீச்சை 6, ஒரு பிடி உலர்திராட்சை, சர்க்கரை 4 மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி கொஞ்சம். 8 நிமிடம் கொதித்துப் பளபளப்பு வந்ததும் இறக்கி, வறுத்த பொடியைத் தூவுங்கள். வங்காளிகள் இதில் ஆம்ஷொத்தோ போடுவார்கள், மாம்பழச்சாற்றைத் தகடாகக் காய வைத்தது. கோடையில் தக்காளிக்குப் பதில் மாங்காய். 4 கரண்டி சர்க்கரை அதிகமோ என்று தயங்க வேண்டாம், அவ்வளவு இனிக்கத்தான் வேண்டும்.

பருப்பு

மைசூர் பருப்பு முக்கால் கப், 3 கப் தண்ணீர், மஞ்சள் அரை டீஸ்பூன். குழைய வேகவிட்டுக் கடைந்து உப்புச் சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி கடுகெண்ணெயில் அரை டீஸ்பூன் கருஞ்சீரகம், 2 காய்ந்த மிளகாய் தாளித்துப் பருப்பைக் கொட்டி, கீறிய பச்சை மிளகாய் போட்டு ஒரு கொதி. முடிந்தது. ரசத்தைவிடக் கொஞ்சம் கெட்டி, சாம்பாரைவிட நன்றாகத் தளர்வு.

மற்ற பருப்புகளுக்கு இதே தாளிப்பைப் போடாதீர்கள். பாசிப்பருப்பு என்றால் முதலில் பொன்னிறமாக வறுத்து, வேகவைத்து, நெய்யில் சீரகம், பிரிஞ்சி இலை, இஞ்சி. பலர் அதில் வறுத்த மீன் தலையை உடைத்துப் போடுவார்கள். உளுத்தம்பருப்புக்குச் சோம்பும் இஞ்சியும். பாங்குரா பக்கம் வெயில் காலத்தில் அதனோடு உருளைக்கிழங்கு கசகசாக் கூட்டு இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். மாங்காய் போட்ட பருப்புக்குக் கடுகு. பூசணிக்காய்க் கூட்டுக்குப் பாஞ்ச் ஃபோரோன். இது கெடுபிடியான சட்டமில்லை, வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் ஒரே சாப்பாட்டில் இரண்டு பதார்த்தத்துக்கு ஒரே தாளிப்பு வராமல் பார்த்துக்கொள்வது நல்ல சமையல்காரரின் அடையாளம்.

சுக்தோ

எல்லாவற்றையும்விட இதில்தான் கவனம் வேண்டும். கசப்பில் தொடங்கும் சாப்பாடு வங்காளத்துடையது. சுக்தோ இல்லாத நாளில் வேப்பிலையோடு வறுத்த கத்தரிக்காயோ, வெறும் பாகற்காய் வறுவலோ முதல் கவளத்தோடு வரும். மதியத்துக்கு மட்டுமே உரியது. இரவில் சுக்தோ பரிமாற மாட்டார்கள்.

பாகற்காய் 1, வாழைக்காய் 1, உருளை 1, சர்க்கரைவள்ளி 1, கத்தரி 1, முருங்கைக்காய் 1. எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். அங்கே இதற்கு பொண்டி என்ற நிற்கும் கத்தி, நம் அரிவாள்மணையின் சகோதரி. பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிந்து கசப்பை எடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு, இங்கே செய்யக் கூடாது.

அரைக்க வேண்டியவை இரண்டு. கசகசா ஒரு மேசைக்கரண்டியும் கடுகு ஒரு டீஸ்பூனும் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பச்சை மிளகாய், சிட்டிகை உப்போடு அரையுங்கள். மிளகாயும் உப்பும் கூட இருந்தால் கடுகு விழுது கசக்காது என்பது அவர்கள் அனுபவம். மிக்சியில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். இஞ்சியை ஓர் அங்குலம் தனியாகத் தட்டி வையுங்கள்.

எண்ணெய் 3 மேசைக்கரண்டி காய்ச்சி, போரியைப் பொரித்தெடுங்கள். அதே எண்ணெயில் பாகற்காயை மொறுமொறுப்பு வரும் வரை வறுத்துத் தனியாக வையுங்கள். கத்தரியையும் லேசாக வதக்கி எடுத்துவிடுங்கள். மிச்ச எண்ணெயில் பிரிஞ்சி இலை, ஒரு டீஸ்பூன் பாஞ்ச் ஃபோரோன். கடினமான காய்கள் முதலில்: உருளை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, முருங்கை. 5 நிமிடம் வதக்கி இஞ்சியும் உப்பும் சேர்த்து, ஒன்றரை கப் தண்ணீர் விட்டு மூடுங்கள். மஞ்சள் வேண்டாம், சுக்தோ வெளுப்பாக இருக்க வேண்டும். முக்கால் பாகம் வெந்ததும் கசகசாக் கடுகு விழுது, கத்தரி, 3 நிமிடம். அடுப்பைக் குறைத்து அரை கப் பால், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. பாகற்காயும் போரியும் கடைசியில்தான். முன்பே போட்டால் மொத்தமும் கசந்துவிடும். கடைசியில் போட்டால் கசப்பு துண்டு துண்டாக வாயில் தட்டுப்படும், அதுதான் வேண்டும். ஒரு டீஸ்பூன் நெய், வறுத்த பொடி, மூடி 5 நிமிடம்.

வெங்காயம், பூண்டு இல்லாத இந்த வகைச் சமையலுக்குப் பின்னால் கசப்பான இன்னொரு கதை உண்டு. மேல்சாதி இந்து வீடுகளில் கணவனை இழந்த பெண்களுக்கு மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு எல்லாம் மறுக்கப்பட்டன. மைசூர் பருப்பும்கூட அசைவமாகக் கருதப்பட்டு விலக்கப்பட்டது. குழந்தைப் பருவத்திலேயே விதவையான பெண்கள் தனி அடுப்பில், ஒரே வேளை, தாங்களே சமைத்துச் சாப்பிட்டார்கள். வாழைப்பூ, வாழைத்தண்டு, காய்களின் தோல், பூசணிப்பூ என்று மற்றவர்கள் ஒதுக்கியதைக் கொண்டு அவர்கள் உருவாக்கியவையே இன்று விலையுயர்ந்த உணவகங்களில் வங்காளச் சைவம் என்று பரிமாறப்படுகின்றன. இந்தச் சமையலைப் புகழும்போது அதன் காரணத்தை விட்டுவிடுவது நியாயமில்லை.

மீன் ஜோல்

ரோகு அல்லது கட்லா, முள்ளோடு வட்டத் துண்டுகளாக அரை கிலோ. கொல்கத்தாச் சந்தைகளுக்கே ஆந்திரக் குளத்து ரோகுவும் கட்லாவும் லாரி லாரியாகப் போகின்றன, அதனால் சென்னையில் வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. கடல்மீன் இதற்குச் சரிவராது. அவர்கள் கொண்டாடும் பேட்கி நம் கொடுவாதான், ஆனால் அது பெரும்பாலும் வறுவலுக்கும் இலையில் கட்டி வேகவைக்கவும் போகும்.

துண்டுகளில் மஞ்சளும் உப்பும் தடவி 15 நிமிடம். காய்ச்சிய கடுகெண்ணெய் 4 மேசைக்கரண்டியில் இரு பக்கமும் இளம் பொன்னிறமாக வறுங்கள். மீன் வறுவல்போல் முறுக விட்டால் பிறகு குழம்பை உறிஞ்சாது. எடுத்துவிட்டு அதே எண்ணெயில் அரை டீஸ்பூன் கருஞ்சீரகம், கீறிய பச்சை மிளகாய் 4. (பருப்புக்குக் கருஞ்சீரகம் போட்டிருந்தால் இதற்குச் சீரகம்.) நீளவாக்கில் நறுக்கிய உருளை 2, குளிர்காலமானால் காலிஃபிளவர் பூக்கள், இல்லாவிட்டால் கத்தரி. 5 நிமிடம் வதக்கி, மஞ்சள் அரை டீஸ்பூன், சீரகப்பொடி ஒன்றரை டீஸ்பூன், இஞ்சி விழுது ஒரு டீஸ்பூனைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் பிரிந்ததும் 3 கப் வெந்நீர். உருளை வெந்தபின் மீனை இறக்கி 5 நிமிடம் கொதித்தால் போதும், மேலே கொத்தமல்லி.

இந்த இடத்தில் தமிழ்க் கைக்கு இரண்டு சபலம் வரும். ஒன்று, புளி. கூடாது. மற்றொன்று, ‘தண்ணியா இருக்கே’ என்று சுண்டவிடுவது. அதுவும் கூடாது. ஜோல் என்றால் தட்டில் ஓட வேண்டும், சோற்றில் ஊற வேண்டும். மழைக்காலத்தில் இலிஷ் மீன் கிடைத்தாலும் இதே முறைதான், ஆனால் அதை வறுக்காமலோ மிக லேசாகப் புரட்டியோ போடுவார்கள். அதன் கொழுப்பே போதும்.

கத்தரிக்காய் வறுவல்

பெரிய கத்தரியை முக்கால் அங்குல வட்டங்களாக வெட்டி, மஞ்சள், உப்பு, சிட்டிகை சர்க்கரை தடவி 10 நிமிடம் வைத்து, தாராளமான எண்ணெயில் இரு பக்கமும் சிவக்க வறுப்பது. சர்க்கரை நிறத்துக்காக. பருப்போடு ஏதாவது ஒரு வறுவல் இருந்தே ஆக வேண்டும் என்பதால், கத்தரி இல்லையென்றால் உருளை, பூசணி, பாகல் எதுவும் ஆகும்.

சாப்பிடும் முறை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிப் பிசைந்தால் இவ்வளவு நேரம் தாளிப்பைப் பிரித்ததற்கு அர்த்தமில்லை. தட்டின் நடுவே சோறு, ஓரத்தில் உப்பு, எலுமிச்சைத் துண்டு, பச்சை மிளகாய். சோற்றில் கொஞ்சம் ஒதுக்கி முதலில் சுக்தோ. அது முடிந்தபின் பருப்பும் கத்தரியும், எலுமிச்சை பிழிந்து. வேறு காய் இருந்தால் அது. பிறகு மீன், முள்ளைக் கையால்தான் பிரிக்க முடியும், அவசரப்பட்டால் ஆகாது. கறி சமைத்திருந்தால் மீனுக்குப் பிறகு. கடைசியில் சோறு இல்லாமல் சட்னியும் அப்பளமும், முடிந்தால் மண்சட்டியில் உறைந்த மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர். தயிரை மட்டும் கடையில் வாங்கிவிடுங்கள்.

நாளுக்கும் ஊருக்கும் ஏற்ற மாற்றம்

இத்தனையும் தினமும் செய்வார்களா என்றால் மாட்டார்கள். வேலை நாளில் பருப்பு, வறுவல், மீன் மூன்றோடு நிற்கும். இரவில் பல நகரத்து வீடுகளில் சப்பாத்தியும் காயும். ஞாயிறு காலை லூச்சி என்ற மைதாப் பூரி, மதியம் பெரிய உருளைத் துண்டு போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு. வியாழன் அல்லது சனியன்று பல இந்து வீடுகளில் சைவம். கனமழை பெய்தால் கிச்சடியும் பொரித்த இலிஷும்.

கிழக்கிலும் மேற்கிலும் ருசி வேறு. 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் பாங்கால், மேற்கத்தியர் கொட்டி. கொட்டிகள் எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறார்கள் என்று பாங்கால்கள் கேலி செய்வார்கள். கருவாட்டு நாற்றம் என்று கொட்டிகள் பாங்கால்களை. கால்பந்தில் பாங்கால்களின் அணியான ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ், கொட்டிகளின் மோகன் பகான் வென்றால் இறால் என்பது கொல்கத்தாவின் பழைய வழக்கம். மேலே சொன்ன சமையல் கொட்டிப் பக்கம் சாய்ந்தது. பாங்கால் ருசி வேண்டுமென்றால் சர்க்கரையை எடுத்துவிட்டு மிளகாயைக் கூட்டுங்கள். வங்கதேச வீடுகளில் சுக்தோவின் இடத்தில் பெரும்பாலும் பொர்த்தா இருக்கும். சுட்ட கத்தரியையோ வறுத்த கருவாட்டையோ வெங்காயம், காய்ந்த மிளகாய், பச்சைக் கடுகெண்ணெயோடு பிசைந்தது. கருவாட்டுப் பிரியர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

மிஞ்சியதை என்ன செய்வது

சட்னி ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். ஜோலை இரவுக்குள் முடித்துவிடுங்கள், சுடவைத்தால் மீன் உடையும், அடுப்பைச் சிறிதாக வைத்துச் சட்டியைக் குலுக்கினால் போதும். கரண்டி போடாதீர்கள். பருப்பு மறுநாளும் நன்றாக இருக்கும். சுக்தோ மிஞ்சாத அளவுக்கே செய்யுங்கள். சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் அதற்குப் பாந்தா பாத் என்று பெயர், நம் பழைய சோறேதான். மோருக்குப் பதில் சில துளி கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், பக்கத்தில் அந்த உருளைக்கிழங்குப் பிசையல்.